கெட்டில் கைமாறிய ஈஸ்டர்

எஸ்பன்யோலாவில் வேகமாகக் கார் ஓட்டுகிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆக்ஸிலேட்டரை மிதிக்க எந்தக் கழுதைக்கும் தெரியும். அப்பா காலத்துக் காரை வாங்கி, தரையோடு தரையாகத் தாழ்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பெயின்ட் ஏற்றி, உள்ளே வெல்வெட் மெத்தை தைத்து, ஆற்றோரச் சாலையில் ஆள் நடக்கிற வேகத்தில் உருட்டிக்கொண்டு போகத் தெரிந்தவன்தான் இங்கே மனிதன். பதறாத காரியம் சிதறாது என்பது மற்ற ஊர்களில் பழமொழி. இங்கே அது கிட்டத்தட்டச் சாலை விதி.

எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள் ஓர்லிண்டா மாயெஸ்தாஸ். ஐம்பதைத் தாண்டியவள். குள்ளம், இருக்கையில் ஒரு தலையணை போட்டால்தான் ஸ்டியரிங்குக்கு மேலே முகம் தெரியும். குரல் மட்டும் ஆறடி. கடைசி வரிசையில் ஒரு பயல் பபிள்கம்மை இருக்கைக்கு அடியில் ஒட்டினால், கண்ணாடியைப் பார்க்காமலே பெயர் சொல்லி அதட்டுவாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு மாலையில் மறுபடி ஏற்றுகிற வரைக்கும் உள்ள பொழுது அவளுடைய சொந்தப் பொழுது. அந்த நேரத்தில் அவளைத் தேடிப் போனால், வீட்டுக் கொட்டகையில் ஒரு காருக்கு அடியிலிருந்து இரண்டு பூட்ஸ் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

கார் அறுபத்து நான்காம் வருஷத்து இம்பாலா. செர்ரிச் சிவப்பு. அதற்கு லா தெர்க்கா என்று பெயர், அதாவது பிடிவாதக்காரி. பெயர்க் காரணம் கேட்டால் அவள் புருஷன் காசிமீரோ, "ஓட்டுறவ குணம் வண்டிக்கு ஒட்டிக்கிச்சு" என்பான். காசிமீரோவுக்குப் பிழைப்பு மரத்தில் புனிதர்களின் சிலை செதுக்குவது. மிச்ச நேரத்தில் ஊர்க் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பான், குரோம் பூசிய பாகங்களில் பூவேலை செதுக்குவான். ஆனால் என்ஜினில் எண்ணெய் எந்த ஓட்டையில் ஊற்றுவது என்பது இன்றைக்கும் தெரியாது. வண்டியின் தோல் அவன் பொறுப்பு, குடல் அவள் பொறுப்பு. அப்படிப் பிரித்துக்கொண்டதால்தான் அந்தக் கல்யாணம் இத்தனை வருஷம் ஓடியது என்று ஊரில் பேச்சு.

இந்தக் கதை நடந்ததற்கு முந்தைய குளிர்காலத்தில் இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். பழைய என்ஜின் இருமுகிறது என்று ஓர்லிண்டா அதைக் கழற்றி எறிந்துவிட்டு, வேறொரு காரிலிருந்து பலமான என்ஜின் ஒன்றைக் கொண்டுவந்து தன் கையாலேயே பொருத்தினாள். காசிமீரோ ரேடியேட்டருக்குப் பின்னால் சுற்றும் ஃபேனைக் கழற்றிக் குரோம் பூசவைத்து, ஒவ்வோர் இறக்கையிலும் ரோஜாக்கள் செதுக்கினான். இதழின் நரம்பு வரைக்கும் தெரியும். பானெட்டைத் திறந்தால் கண்ணைப் பறிக்கும்.

அப்படிச் சிங்காரித்துக்கொண்டு போன ஈஸ்டர் ஊர்வலத்தில்தான் பிடிவாதக்காரி கொதித்தாள்.

பாதிச் சாலை தாண்டவில்லை. சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனது, பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி சீறியது, ரேடியேட்டரின் பச்சைநிறத் தண்ணீர் சாலையில் ஓடியது. ஊர்வலம் நடத்துகிற நிதானக்காரர் சங்கத்தின் அத்தனை வண்டிகளும் ஒவ்வொன்றாக அவளைத் தாண்டிப் போயின. மெதுவாகப் போகிற வண்டிகள் அல்லவா, ஒவ்வொரு முகத்தையும் அவள் ஆற அமரப் பார்க்க வேண்டியிருந்தது. சிலர் பரிதாபமாகத் தலையசைத்தார்கள், அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. சங்கத் தலைவர் ருமால்தோ தன்னுடைய வெள்ளைக் காரை அவள் பக்கத்தில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். அந்தக் காருக்குப் பெயர் அரசி.

"என்ன கொமாத்ரே, பீன்ஸ் வெந்துடுச்சா? வெங்காயம் கொண்டாரவா?"

ருமால்தோவின் மகளுக்கு ஓர்லிண்டா ஞானத்தாய். கொமாத்ரே, கொம்பாத்ரே என்று உறவாகிவிட்டால் ஒருவரை ஒருவர் நீங்க போட்டுத்தான் பேச வேண்டும். குத்துவதானாலும் மரியாதையாகக் குத்த வேண்டும். அதில் ருமால்தோவை மிஞ்ச ஆளில்லை.

"வெந்தா மொதத் தட்டு உங்களுக்குத்தான் கொம்பாத்ரே" என்று அவளும் சொல்லித்தான் வைத்தாள்.

சங்கத்தில் ஒரு நீலக் கெட்டில் இருக்கிறது. எனாமல் பெயர்ந்த, மூக்கு நெளிந்த காபிக் கெட்டில். ஊர்வலத்தில் எவருடைய வண்டி கொதிக்கிறதோ அவருக்கு அது போய்ச் சேரும். அடுத்து வேறொருவர் வண்டி கொதிக்கிற வரைக்கும் அதை வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும். அடுத்தவர் கொதித்தால், கெட்டில் வைத்திருப்பவரே அதில் தண்ணீர் நிரப்பி நடந்து போய் அவரிடம் கொடுக்க வேண்டும். எட்டு வருஷமாக யாரும் கொதிக்காமல், கடைசியாக வைத்திருந்தவரும் காரை விற்றுவிட்டதால் சங்கத்துக் கூடத்தில் தூசு படிந்து கிடந்த கெட்டில், அன்று பிடிவாதக்காரியின் முன்கண்ணாடிக்குக் கீழே ஏறி உட்கார்ந்தது.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அந்த வருஷம் முழுக்க அவள் பேருந்தை எங்கே நிறுத்தினாலும் பின்னாலிருந்து பிள்ளைகள் கூட்டாக "புஸ்ஸ்ஸ்" என்றார்கள். அவள் அதட்டவில்லை. அதட்டினால் குரல் உடைந்துவிடும் என்று பயம்.

ஆனால் சங்கத்தில் இன்னொரு விதியும் உண்டு. கடைசியானோர் முதலாவர் என்று வேதத்திலேயே இருப்பதால், ஒரு ஈஸ்டரில் கடைசியாக, ஊர்வலம் முடிகிற பாலத்துக்கு வந்து சேர்கிற வண்டிதான் அடுத்த ஈஸ்டரில் முன்னால் போக வேண்டும். ஓர்லிண்டா அன்று என்ஜின் ஆறும் வரை காத்திருந்து, தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடி ஆறவைத்து, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு தன் சக்கரத்திலேயே பாலத்தைத் தொட்டிருந்தாள். ஆக, அடுத்த வருஷம் முதல் வண்டி பிடிவாதக்காரி.

மாசிக் குளிரில் சங்கம் கூடியபோது ருமால்தோ இதைக் கிளப்பினார்.

"கொமாத்ரே மேல எனக்கு மதிப்பு உண்டு. ஆனா முன்னாடி போற வண்டிய யாரும் தாண்டக் கூடாது. அது கொதிச்சு நின்னுச்சுன்னா பின்னாடி மொத்த ஊர்வலமும் நிக்கும். ஈஸ்டர் அன்னைக்கு எல்லாரும் நடுரோட்டுல கெட்டிலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா?"

"கொதிக்காது" என்றாள் ஓர்லிண்டா.

"போன தடவையும் அதைத்தானே சொன்னீங்க?"

"இந்தத் தடவை கொதிச்சா, இனிமே என் வண்டி ஊர்வலத்துக்கு டிரெய்லர்ல ஏறி வரட்டும். போதுமா?"

காரை டிரெய்லரில் ஏற்றிப் பொம்மை மாதிரி கொண்டுவருகிறவர்களை எங்கள் ஊரில் கார்க்காரர்கள் என்றே சொல்வதில்லை. காசிமீரோ மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தான். அவள் அவனைத் திருப்பி மிதித்தாள். வார்த்தை வாயைவிட்டுப் போயாகிவிட்டது.

அதன் பிறகு அவள் என்ஜினைப் பிரித்து மேய்ந்தாள். வாட்டர் பம்பை மாற்றினாள். தெர்மோஸ்டாட்டை மாற்றினாள். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவி, அடைப்பு இல்லை என்று கண்ணால் பார்த்து மறுபடி மாட்டினாள். குழாய்கள், பெல்ட், மூடி, எல்லாம் புதிது. ஒவ்வொன்றை மாற்றியதும் ஆற்றோரச் சாலையில் உருட்டிப் பார்ப்பாள். ஒவ்வொரு தடவையும் முள் நிதானமாக, அவளைக் கேலி செய்கிற மாதிரி, சிவப்பை நோக்கி ஏறும். ஆத்திரத்தில் ஒரு நாள் நெடுஞ்சாலையில் ஏற்றி, மலைமேல் இருக்கிற தாவோஸ் ஊர் வரைக்கும் விரட்டினாள். முள் நடுவில் ஆணியடித்த மாதிரி நின்றது. திரும்பி ஊருக்குள் வந்து மெதுவாக உருட்டினாள். ஏறியது.

"வேகமாப் போனா கொதிக்கல, மெதுவாப் போனா கொதிக்குது" என்று சங்கத்தில் ஒருவரிடம் சொன்னதற்கு, "அப்ப வேகமாப் போ" என்று பதில் வந்தது. மெதுவாகப் போகத்தானே இவ்வளவு பாடு என்று அவள் அழாத குறை.

அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் அரித்தது. அந்த என்ஜினை அவள்தான் பொருத்தினாள். எங்கேயோ தன் கை தவறியிருக்கிறது, தனக்கு வேலை தெரியவில்லை என்று நினைக்க ஆரம்பித்துவிட்டாள். இருபது வருஷமாக என்ஜினைச் சத்தத்தை வைத்தே மதிப்பிடுகிறவளுக்கு அந்த நினைப்பு சோறு இறங்கவிடவில்லை. காசிமீரோவின் ரோஜாக்களை அவளும் சந்தேகிக்கவில்லை, ஊரும் சந்தேகிக்கவில்லை. எங்கள் ஊரில் அழகைச் சந்தேகிக்கிற வழக்கம் கிடையாது. சொல்லப்போனால் அந்த ரோஜாக்களைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ருமால்தோ, அரசியின் ஃபேனையும் காசிமீரோவிடம் கொடுத்து, "எனக்கு இறக்கைக்கு ரெண்டு ரோஜா கூடுதலா வேணும் ப்ரீமோ" என்று கேட்டு வாங்கிப் போனார். காசிமீரோ அவருக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. உறவென்றால் மறுக்க முடியுமா?

விஷயம் பிடிபட்டது சமையலறையில்.

ஒரு காலை, விறகடுப்பில் பின்யோன் கட்டைகளை வைத்துப் பற்றவைத்த ஓர்லிண்டா, மேலே இருக்கிற இரும்பு வட்டமூடியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, காரை நினைத்துக்கொண்டு சும்மா நின்றாள். புகை புகைபோக்கிக்குள் போகாமல் வீட்டுக்குள் வந்தது. காசிமீரோ இருமிக்கொண்டே எழுந்து வந்தான்.

"என்ன கெழவி, என்னைக் கருவாடாக்கப் போறியா? மூடியப் போடு. மேல தொறந்து கெடந்தா புகைபோக்கி எப்படி இழுக்கும்?"

அவள் மூடியைப் போட்டாள். புகை உடனே திரும்பி, சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி குழாய்க்குள் ஓடியது. மூடியை எடுத்தாள். புகை வீட்டுக்குள் வந்தது. போட்டாள். போனது.

"ஏய், என்ன பண்றே?" என்று காசிமீரோ கத்திக்கொண்டிருக்கும்போதே அவள் கொட்டகைக்கு ஓடிவிட்டாள்.

இம்பாலாவை ஸ்டார்ட் செய்து நிறுத்தியபடியே ஓடவிட்டாள். மேசையில் நேற்றுச் சாப்பிட்ட புரீட்டோ ரொட்டி சுற்றிவந்த காகிதத் துடைப்பான் கிடந்தது. அதை எடுத்து வண்டியின் முன்னால் போய் ரேடியேட்டரின் நடுவில் வைத்தாள். பின்னாலிருந்து ஃபேன் இழுத்த இழுப்பில் காகிதம் பச்சென்று ஒட்டிக்கொண்டது. மேல் மூலையில் வைத்தாள். நழுவித் தரையில் விழுந்தது. கீழ் மூலையில் வைத்தாள். விழுந்தது. நான்கு மூலையிலும் விழுந்தது.

ரேடியேட்டரின் நடுவில் ஒரு வட்டத்துக்கு மட்டும்தான் காற்று. மற்ற இடமெல்லாம் வெறுமனே கொதித்துக்கொண்டிருந்தது. வேகமாகப் போனால் எதிர்க்காற்றே முழுசாக அடித்துக் குளிர்விக்கிறது. மெதுவாகப் போகும்போது ஃபேன்தான் இழுக்க வேண்டும். அது ரேடியேட்டரை விட்டுவிட்டுப் பக்கத்தில் திறந்து கிடக்கிற காற்றை எல்லாம் வாரிக்கொண்டிருந்தது. ஏனென்றால் மூடி இல்லை. ஃபேனைச் சுற்றி, ரேடியேட்டரோடு சேர்த்து ஒரு கறுத்த தகரக் கவர் இருந்ததே, அது எங்கே?

ஓர்லிண்டா சிரித்தாள். தவறு தன் கையில் இல்லை என்று தெரிந்த சந்தோஷத்தில் தனியாகச் சிரித்தாள். அடுத்த நிமிஷமே ஒரு வருஷத்து "புஸ்ஸ்ஸ்" நினைவுக்கு வந்து, சிரிப்பு கோபமாகிவிட்டது.

"காசிமீரோ! அந்த ஃபேன் கவர எங்கடா வெச்சே?"

"எந்தக் கவரு?"

"என் வண்டியில இருந்த கவரு!"

காசிமீரோ தலையைச் சொறிந்தான். "அது ரோஜாவ மறச்சிது. அதான் கழட்டி..."

"கழட்டி?"

"கோழி முட்டை போடுது அதுல."

உண்மைதான். கோழிக் கூண்டில், வைக்கோல் போட்டு, அந்தக் கவருக்குள் ஒரு சாம்பல் கோழி ராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் துருப்பிடித்து உடைந்தும் போயிருந்தது. ஊரே பார்க்கத் தான் கொதித்து நின்றபோது இங்கே கோழி சொகுசாக முட்டை போட்டிருக்கிறது என்று நினைத்தால் ஓர்லிண்டாவுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"புதுசு ஒண்ணு செஞ்சு மாட்டணும்" என்றாள்.

"மாட்டினா ஃபேன் தெரியாதே?"

"தெரியாது."

"ஒரு குளிர்காலம் முழுக்கச் செதுக்கினேன் கெழவி. விரல் வெரச்சுப் போயி செதுக்கினேன். அதுமேல தகரத்தப் போட்டு மூடுவியா? கல்யாணப் பொண்ணு மூஞ்சில சாக்கு போட்ட மாதிரி!"

"கல்யாணப் பொண்ணு கோயில் வாசல்லயே மயங்கி விழுந்தா அழக வெச்சு என்ன பண்ண? காலையில நீதானே சொன்னே, மூடியப் போட்டாத்தான் இழுக்கும்னு?"

"அது அடுப்பு."

"இதுவும் அடுப்புதான்யா, கெழவா!"

காசிமீரோ விருட்டென்று திரும்பி நடந்தான். அவனுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டான். பட்டறைக்குப் போய்ப் புனிதர்களோடு உட்கார்ந்துகொள்வான். சாப்பாடும் அங்கேயே. அவனுடைய வேலையை ஒளித்துவைக்கச் சொல்லிவிட்டோமே என்று ஓர்லிண்டாவுக்கும் உறுத்தத்தான் செய்தது. ஆனால் டிரெய்லரை நினைத்தாள், உறுத்தலை விழுங்கிவிட்டாள். புனித வாரத்தின் நடுவில் ஒரு நாள் அவன் தானாகவே ஒரு கவரைக் கொண்டுவந்து அவள் காலடியில் போட்டான். கூரைமேல் கிடந்த பழைய ஏர்கூலரின் தகரத்தை வெட்டி வளைத்துச் செய்திருந்தான். வேலை சுத்தம். ஆனால் கவர் அண்டா மாதிரி ஆழமாக இருந்தது.

"மூடச் சொன்னே. மூடிட்டேன்" என்றான். மாட்டிப் பார்த்தால் ஃபேன் அதற்குள் முழுசாக முங்கிப் போயிருந்தது. ஒரு ரோஜாகூட வெளியே தெரியவில்லை. இது வீம்பு என்று அவளுக்குப் புரிந்தது. சமாதானம் வந்ததே பெரிது என்று அப்படியே விட்டுவிட்டாள்.

பெரிய வெள்ளிக்கிழமை சிமாயோ கோயிலுக்குப் பாத யாத்திரை போகிறவர்கள் சாலையை நிறைத்திருப்பார்கள். வண்டிகள் அவர்கள் பின்னால் ஊரும். மெதுவாக ஓட்டிச் சோதிக்க அதைவிட நல்ல நாள் வருஷத்தில் கிடையாது. ஓர்லிண்டா பிடிவாதக்காரியை எடுத்துக்கொண்டு யாத்திரிகர்களுக்குப் பின்னால் மேட்டில் ஏறினாள். பக்கத்தில், தோளில் மரச்சிலுவை சுமந்து வந்த ஓர் ஆள் குனிந்து ஜன்னலுக்குள் பார்த்தான்.

"நாங்க நேர்த்திக்கடன், நடக்குறோம். நீங்க ஏன் அத்தை ஊர்ந்து வர்றீங்க?"

"இதுவும் நேர்த்திக்கடன்தான்ப்பா. காரோடது."

"அப்ப அதுக்கும் ரெண்டு மெழுகுவத்தி ஏத்திடுறேன்" என்று சொல்லிவிட்டு அவன் அவளைத் தாண்டி நடந்துபோனான்.

முள் முன்னைவிட மெதுவாகத்தான் ஏறியது. ஆனாலும் ஏறியது. பாதியைத் தாண்டி, இன்னும் கொஞ்சம் தாண்டி, சிவப்பைத் தொடப் போகும்போது ஓர்லிண்டா ஓரம் கட்டினாள். இனி ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. பானெட்டைத் திறந்து, என்ஜினை அணைக்காமல், பத்திரமாகக் கையை அருகே கொண்டுபோனாள். ஃபேனின் காற்று பின்னால் என்ஜின் பக்கம் வரவேண்டும். வரவில்லை. தகரச் சுவருக்குள்ளேயே மோதி மோதிச் சுற்றிக்கொண்டிருந்தது. சுடுகாற்று குடத்துக்குள் மாட்டிய வண்டு மாதிரி உறுமியது.

அவளுக்குத் தன் பேருந்து நினைவுக்கு வந்தது. தினமும் எண்ணெய் பார்க்கிறபோது கண்ணில் படுகிற ஃபேன்தான். அது கவருக்குள் முழுசாக இருக்காது. பாதி உள்ளே, பாதி வெளியே. பாதி இழுப்பதற்கு, பாதி தள்ளுவதற்கு. இத்தனை வருஷமாகப் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறோமே என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பட்டறைக் கதவைத் தட்டினாள். காசிமீரோ ஒரு புனித இசிதோருக்குத் தாடி செதுக்கிக்கொண்டிருந்தான்.

"கெழவா, கவரோட விளிம்ப வெட்டணும். ஃபேன் பாதி வெளிய நிக்கணும். இல்லன்னா காத்து போகாது."

அவன் உளியைக் கீழே வைத்தான். "பாதி வெளியவா?"

"பாதி."

"அப்ப ரோஜா?"

"பாதி ரோஜா தெரியும்."

காசிமீரோ புனிதரின் தாடியில் இருந்த மரத்தூளை ஊதினான். பிறகு அவன் முகம் மெல்ல மலர்ந்தது. "பாதி தெரிஞ்சா அது மொட்டுன்னு வெச்சுக்கலாம்" என்றான்.

ஓர்லிண்டா அவன் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். மரத்தூள் வாயில் ஒட்டியது. இரண்டு பேரும் சேர்ந்து அளந்து, வெட்டி, ராவி, விளிம்பு கையைக் கிழிக்காதபடி மடித்தார்கள். அவன் தகரத்துக்குச் செர்ரிச் சிவப்பு அடித்தான். சிவப்பு வட்டத்திலிருந்து வெள்ளி மொட்டுகள் எட்டிப் பார்த்தன. முன்னே இருந்ததைவிட இது அழகு என்று ஓர்லிண்டாவுக்குத் தோன்றியது. அவனிடமும் அதைச் சொன்னாள். ரேடியேட்டரில் காகிதத்தை வைத்தாள். நான்கு மூலையிலும் ஒட்டிக்கொண்டது.

மாலையில் ருமால்தோ வந்தார். அவருடைய பிக்கப்பின் பின்னால் ஒரு காலி டிரெய்லர்.

"சும்மா, ஒரு உதவிக்கு. நாளைக்குப் பாலத்துகிட்ட நிறுத்தி வெக்கிறேன் கொமாத்ரே."

"நல்ல மனசு கொம்பாத்ரே. நானும் உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். உங்க ஃபேன்ல ரோஜா செதுக்கறப்ப இவன் உங்க கவரையும் கழட்டிட்டான். மெதுவாப் போனா கொதிக்கும். இன்னைக்கே திருப்பி மாட்டிடுங்க."

காசிமீரோ அசடு வழிய, "ஆமா ப்ரீமோ, மாட்டிடு" என்றான்.

ருமால்தோ பானெட்டுக்குள் எட்டிப் பார்த்து, சிவப்புத் தகரத்தைப் பார்த்து, விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க ரோஜா பாதி போச்சு. என்னுது முழுசா இருக்கு. அதுக்குப் பொறாமையா கொமாத்ரே? அரசிக்கு முக்காடு போட மாட்டேன்."

சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. அவள் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனாள்.

அந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் கடைசியில் வந்தது. பூசை முடிந்து வெளியே வந்தால் கோடைவெயில். ஆற்றுப்பக்கமிருந்து ஒரு பொட்டுக் காற்று இல்லை. சாலையின் இரண்டு பக்கமும் மடக்கு நாற்காலிகளில் ஊர் உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் கையில் வண்ணக் காகிதத் துணுக்கு அடைத்த முட்டைகள், யார் தலையில் உடைக்கலாம் என்று திரிந்தார்கள். அவளுடைய பேருந்துப் பிள்ளைகள் ஒரே கூட்டமாக, பெட்ரோல் பங்க் பக்கம், போன வருஷம் அவள் நின்ற அதே இடத்தில் காத்திருந்தார்கள்.

பிடிவாதக்காரி முதலில் கிளம்பினாள். முன்கண்ணாடிக்குக் கீழே நீலக் கெட்டில். தலையணைமேல் ஓர்லிண்டா. பக்கத்தில் காசிமீரோ, கண் முழுக்க முள்மேல். அடுத்து அரசி, அதற்குப் பின்னால் கண்ணுக்கு எட்டுகிற வரை வண்டிகள். முன் வண்டியின் வேகம்தான் ஊர்வலத்தின் வேகம். ஓர்லிண்டா மெதுவாகப் போனாள். பிறகு இன்னும் மெதுவாகப் போனாள். ஓரத்தில் தடியூன்றி நடந்த ஒரு கிழவர் அவர்களைத் தாண்டிப் போனார். கூட்டம் அவருக்குக் கைதட்டியது.

"நடுவுல நிக்குது" என்றான் காசிமீரோ.

பெட்ரோல் பங்க் வந்தது. பிள்ளைகள் மூச்சை இழுத்துக்கொண்டு, உதட்டைக் குவித்துத் தயாராக நின்றார்கள். பிடிவாதக்காரி ஊர்ந்தாள். பிள்ளைகளின் முகம் நீலம் பாரித்தது. ஆவி வரவில்லை. பங்க் தாண்டியது.

"இன்னும் நடுவுலதான் நிக்குது கெழவி! அசையல!" காசிமீரோ இருக்கையிலேயே குதித்தான்.

அப்போது பின்னாலிருந்து ஒரு நீளமான ஹாரன். அடித்தவர் கையை எடுக்கவே இல்லை. கொதிக்கிற வண்டி அடிக்கிற ஹாரன் அது. ஓர்லிண்டா கண்ணாடியில் பார்த்தாள். அரசியின் பானெட்டைச் சுற்றி வெள்ளை ஆவி. பிள்ளைகள் அடக்கிவைத்திருந்த மூச்சு மொத்தமும் ஒரே நேரத்தில் வெளியே வந்தது: "புஸ்ஸ்ஸ்ஸ்!"

ஓர்லிண்டா வண்டியை நிறுத்தினாள். ஊர்வலம் முழுசும் நின்றது. என்ஜினை மட்டும் அவள் அணைக்கவில்லை. அந்த வெயிலில், நின்ற இடத்தில், என்ஜினை ஓடவிட்டுவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினாள். அதைப் பார்த்த சங்கத்துக்காரர்கள் ஒருவருக்கொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். நீலக் கெட்டிலில் காலையிலேயே தண்ணீர் நிரப்பி வைத்திருந்தாள். வைத்திருப்பவரின் கடமை அது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல், நிதானமாக நடந்து போனாள்.

ருமால்தோ சாலை ஓரம் கட்டி, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் அவருடைய வண்டியைவிட வெளுத்திருந்தது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இவருக்குக் கொஞ்சம் சூடான தண்ணீராகவே வந்து சேர்ந்தது.

"இப்ப மூடியத் தொறக்காதீங்க கொம்பாத்ரே, மூஞ்சில அடிக்கும். நல்லா ஆறட்டும். அப்புறம் இந்தத் தண்ணிய ஊத்துங்க. கெட்டில நீங்களே வெச்சுக்குங்க."

அவர் வாங்கிக்கொண்டார். "நீங்க நேத்தே சொன்னீங்க" என்றார்.

"சொன்னேன்."

"பொறாமைன்னு நெனச்சேன்."

"போன வருஷம் உங்க அரசி என்னைத் தாண்டிப் போனப்ப பொறாமையாத்தான் இருந்துச்சு. இப்ப இல்ல."

ருமால்தோ பின்னால் நீண்டு நிற்கிற வரிசையைப் பார்த்தார். "எல்லாரும் என்னைத் தாண்டிப் போகப் போறாங்க கொமாத்ரே. ஒவ்வொருத்தரா. கடைசியில நான் மட்டும்..."

அந்த வரிசை எப்படி இருக்கும் என்று அவளைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? பீன்ஸ், வெங்காயம் என்று ஒரு வருஷமாக யோசித்து வைத்திருந்த பதில்கள் நாக்கு நுனிவரை வந்தன. விழுங்கிவிட்டாள்.

"போகட்டுமே. டிரெய்லர்ல மட்டும் ஏத்தாதீங்க, உருட்டியாவது பாலத்தத் தொட்டுடுங்க. கடைசியானோர் முதலாவர். அடுத்த ஈஸ்டருக்கு நீங்கதான் முன்னாடி. அதுக்குள்ள உங்க ப்ரீமோகிட்ட ஒரு தகரம் வாங்கிக்குங்க. ரோஜா மொட்டாத் தெரியும், நல்லாத்தான் இருக்கு."

ருமால்தோ சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் சிரித்துவிட்டார்.

அவள் திரும்பி நடக்கும்போது காசிமீரோ ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, சாலை முழுக்கக் கேட்கிறபடி கத்தினான். "நின்னுக்கிட்டே ஓடுது! முள்ளு நடுவுலதான்! என் பொண்டாட்டி வேலைடா இது!" இவ்வளவு சத்தமாக அவன் பேசி ஊர் கேட்டதில்லை. பேருந்துப் பிள்ளைகள் ஓடி வந்து அவள் தலையில் முட்டைகளை உடைத்தார்கள். வண்ணக் காகிதம் முடியெல்லாம் கொட்டியது. கடைசி வரிசை பபிள்கம் பயலும் ஒன்று உடைத்தான். அவனை மட்டும் பெயர் சொல்லி அதட்டினாள். குரல் உடையவில்லை, ஆறடி உயரத்தில் கணீரென்று இருந்தது.

தலையணைமேல் ஏறி உட்கார்ந்தாள். முன்கண்ணாடிக்குக் கீழே கெட்டில் இருந்த இடத்தில் ஒரு வட்டமான தூசுத் தடம். காசிமீரோ அதைச் சட்டைக்கையால் துடைத்தான். பிடிவாதக்காரி நகர்ந்தாள், ஆள் நடக்கிற வேகத்துக்கும் கொஞ்சம் குறைவாக. பாலம் வரைக்கும் ஒரு வண்டிகூட அவளைத் தாண்டவில்லை.